உச்சியில் ஒரு மேடு

மகனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த என் அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். "இங்க தொட்டுப் பாரும்மா, கம்பி மாதிரி தட்டுப்படுது." அப்போது அவனுக்கு மூன்று மாதம். உச்சியிலிருந்து பின்மண்டை வரை நேராக ஒரு மேடு, பக்கவாட்டில் பார்த்தால் தலை படகு மாதிரி நீண்டிருந்தது.

மருந்தகத்தில் காட்டினோம். மல்லாக்கப் படுப்பதால்தான், தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். தலைச் சுற்றளவும் சரியாகவே இருந்ததால் நம்பிவிட்டேன். அதை நினைத்தால் இன்னமும் வலிக்கிறது. ஆறாவது மாதத் தடுப்பூசிக்குப் பலதுறை மருந்தகம் போனபோது தாதி ஒருவர் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு நேரே டாக்டரிடம் அழைத்துப் போனார், அங்கிருந்து சிங்கப்பூரின் கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்குக் கடிதம்.

ஸ்கேன் படத்தில் மற்ற எலும்பு இணைப்புகள் எல்லாம் கோடுகோடாகத் தெரிந்தன, உச்சியின் நடுக்கோட்டை மட்டும் காணோம். இந்தக் குறைக்குப் பெயர் கிரேனியோசினோஸ்டோசிஸ். அந்த இணைப்பு முன்கூட்டியே ஒட்டிவிட்டால் மண்டை ஓடு அகலவாக்கில் வளர முடியாது, மூளை வளர வளர முன்னும் பின்னுமாக நீளும். படுக்கையால் வரும் தட்டைத் தலையில் இணைப்புகள் திறந்தேதான் இருக்கும், அதற்கு அறுவை சிகிச்சை தேவையில்லை. இரண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஏனென்றால் சின்னத் துளை வழியாகச் செய்யும் சிகிச்சையைப் பெரும்பாலும் முதல் மூன்று, நான்கு மாதத்துக்குள், எலும்பு மெல்லிசாக இருக்கும்போதே செய்கிறார்கள் (அப்புறம் சில மாதம் ஹெல்மெட் போடவேண்டும்), எங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது.

எட்டாவது மாதத்தில் திறந்த அறுவை சிகிச்சை. காதிலிருந்து காது வரை வளைந்து வளைந்து போகும் வெட்டு, பிறகு முடி வளர்ந்து மறைக்கத்தான் அப்படி. ரத்தம் ஏற்றச் சம்மதக் கையெழுத்து கேட்டபோது கை நடுங்கியது. குழந்தைக்குக் கிலோவுக்குச் சுமார் 80 மில்லிலிட்டர்தான் ரத்தம், எட்டுக் கிலோ பிள்ளைக்கு மொத்தமே முக்கால் லிட்டர்கூட இல்லை. செலவைப் பற்றிப் பயந்தேன், அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்ட் லைஃப் பிறவிக் குறைகளுக்கும் உண்டு என்று மருத்துவச் சமூக ஊழியர் பொறுமையாக விளக்கினார்.

இரண்டாம் நாள் முகம் இன்னும் வீங்கும் என்று தாதி முன்பே சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் நான் உடைந்துபோயிருப்பேன். இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன, அம்மாவின் வளையல் சத்தம் வரும் பக்கமாகவே தலையைத் திருப்பிக்கொண்டிருந்தான். நான்காம் நாள் காலை இடது கண் ஒரு கீற்று திறந்தது, கையை நீட்டி அந்த வளையலைப் பிடித்துக்கொண்டான், பால் கொடுக்கும் வரை விடவில்லை.