டார் கோப்பை வேண்டிய கோப்புறையில் பிரித்தல்: ஒரு சர்வர் மாற்ற அனுபவம்

சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதால், அதில் ஓடிக்கொண்டிருந்த ஓர் இணையதளத்தை, உபுண்டு என்ற மற்றொரு லினக்ஸ் ஓடும் சர்வருக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. தளத்தின் கோப்புகள், டார் கட்டளையால் ஒன்றாகக் கட்டிச் சுருக்கிய ஒரே ‘டார்.ஜிஇசட்’ பேக்கப்பாகவும், படங்கள் தனியே ஒரு ஜிப் கோப்பாகவும் இருந்தன.

இலக்கு எதையும் குறிப்பிடாவிட்டால் டார் கட்டளை நாம் இருக்கும் கோப்புறையிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடும் என்பதால், ‘--லிஸ்ட்’ கொடுத்து உள்ளே இருப்பதை முதலில் பார்த்தேன். ஒவ்வொரு பெயரும் ‘வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/ஹெச்டிஎம்எல்/’ என்று மூன்று அடுக்குகளுடன் தொடங்கியது. புதிய கோப்புறைக்குள் அதே அடுக்குகள் மீண்டும் முளைக்காதிருக்க, பெயரின் முதல் மூன்று அடுக்குகளை வெட்டிவிடும் ‘--ஸ்ட்ரிப்-காம்போனன்ட்ஸ்=3’ தேவைப்பட்டது. இந்த எண்ணைக் கூட்டிக் கொடுத்தால், அத்தனை அடுக்குகள் இல்லாத கோப்புகளை டார் எந்த எச்சரிக்கையும் இன்றி விட்டுவிடும். ஆகவே பட்டியலைப் பார்க்காமல் எண்ணை ஊகிப்பது ஆபத்தானது.

டாருக்கு இலக்குக் கோப்புறையைச் சொல்வது பெரிய எழுத்து ‘சி’. அதன் நீண்ட வடிவம் ‘--டைரக்டரி’. அது இல்லாத கோப்புறையை உருவாக்கித் தராது என்பதால், ‘எம்கேடிர்’ கட்டளையால் கோப்புறையை முன்பே அமைத்துக்கொண்டேன்.

சற்று நேரம் பிடித்தது உரிமையாளர் விவகாரம்தான். முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராகப் பிரிக்கும்போது, பழைய உரிமையாளரையே டார் திரும்ப வைக்கப் பார்க்கும். சென்ட்ஓஎஸ்ஸில் கோப்புகள், இணைய சர்வர் மென்பொருளுக்கான ‘அப்பாச்சி’ பயனருக்கு உரியவை. அப்பெயரில் பயனரே இல்லாத உபுண்டுவில், சோதனைக் கோப்புறை ஒன்றில் பிரித்துப் பார்த்தபோது, பெயர் வரவேண்டிய இடத்தில் 48 என்ற எண் மட்டும் நின்றது. எனவே உண்மையான இலக்கில், பழைய உரிமையாளரைத் திரும்ப வைக்காதே என்று சொல்லும் ‘--நோ-சேம்-ஓனர்’ சேர்த்துப் பிரித்தேன்.

ஜிப் கோப்புக்கு விதி வேறு. அன்ஜிப் கட்டளையில் இலக்கைக் குறிப்பது சிறிய ‘டி’; கோப்புறை இல்லையென்றால் அதுவே உருவாக்கிக்கொள்ளும். டார் பழக்கத்தில் பெரிய ‘சி’ போட்டால், கோப்புப் பெயர்களில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாதே என்று பொருளாகிவிடும். (செவன்-ஜிப் என்ற இன்னொரு கருவியிலோ இலக்கைக் குறிக்கும் ‘-ஓ’வுக்கும் பாதைக்கும் இடையே வெற்றிடமே கூடாது, மூன்று கருவிகளும் ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம்.)

இரண்டும் இறங்கிய பிறகு, உரிமையாளரை மாற்றும் ‘சோன்’ கட்டளையில் பெரிய ‘ஆர்’ சேர்த்து, முழுக் கோப்புறையையும் உபுண்டுவின் இணைய சர்வர் பயனரான ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’வுக்கு மாற்றினேன். தளம் படங்களோடு திறந்தது.