படைவீரருக்குக் கட்டணமில்லாப் பூங்கா: செலவை யார் ஏற்பது?

சென்ற இலையுதிர் காலத்தில், தரைப்படையில் இருபது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என்னையும் என் மனைவியையும் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள ஷெனான்டோவா தேசியப் பூங்காவுக்குத் தம் காரில் அழைத்துச் சென்றார். வாயிலில் வண்டியை நிறுத்தியதும் முன்னாள் படைவீரருக்கான இலவச அனுமதி அட்டையையும் தம் அடையாள அட்டையையும் நீட்டினார். ரேஞ்சர் எனப்படும் பூங்காக் காவலர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பூங்காவின் வரைபடத்தோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார். கார் ஒன்றுக்கு 30 டாலர் என்று எழுதியிருந்த இடத்தில் எங்களிடம் யாரும் பணம் கேட்கவில்லை. அட்டை அவருடையதுதான் என்றாலும், அதே காரில் இருந்த எங்களுக்கும் அது செல்லும்.

இந்தச் சலுகை படிப்படியாக வந்தது. படைப்பணியில் இருப்போருக்கும் அவர்களைச் சார்ந்த குடும்பத்தினருக்கும், மற்றவர்கள் 80 டாலர் கொடுத்து வாங்கிய ஆண்டு அனுமதி அட்டையை இலவசமாக வழங்கும் முறை 2012 மே 19 அன்று தொடங்கியது. முன்னாள் படைவீரர்களும், பணியில் உயிர்நீத்தோரின் குடும்பத்தினரும் 2020 நவம்பரில் கட்டண விலக்குப் பெற்றனர். ஆப்கானிஸ்தானில் பணியாற்றித் திரும்பி, 2021இல் டெத் வேலி தேசியப் பூங்காவில் உயிரிழந்த அலெக்ஸாண்டர் லாஃப்கிரன் என்னும் முன்னாள் வீரரின் பெயரால் அதே ஆண்டு டிசம்பரில் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன்படி முன்னாள் படைவீரர்களுக்கும் உயிர்நீத்தோரின் குடும்பத்தினருக்கும் வாழ்நாள் அட்டை 2022 நவம்பர் 11 முதல் கிடைக்கிறது. முகாம்களில் கூடாரம் அடிப்பதற்கான கட்டணத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது.

ஆசிரியர்களும் செவிலியர்களும் தீயணைப்பு வீரர்களும் நாட்டுக்கு உழைக்கவில்லையா, படைவீரருக்கு மட்டும் ஏன் இந்தத் தனிச் சலுகை என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். என் பதில் இது: அமெரிக்காவின் தேசியப் பூங்காக்கள் கூட்டரசின் உடைமை, படைவீரருக்கு ஊதியம் தருவதும், அவரைக் குடும்பத்தோடு சில ஆண்டுகளுக்கொரு முறை ஊர்விட்டு ஊர் மாற்றுவதும் அதே கூட்டரசுதான். வேலைக்கு அமர்த்தியவரும் நிலத்துக்கு உரியவரும் ஒருவராகவே இருக்கும்போது, தம் ஆளைத் தம் நிலத்துக்குள் கட்டணமின்றி அனுமதிப்பது சலுகை என்பதைவிடக் கடமைக்கு நெருக்கமானது என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு; அது பலருக்குத் தெரியாமலிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. தேசியப் பூங்காப் பணித்துறை 1916இல்தான் உருவானது. அதற்கு முன்பு, யெல்லோஸ்டோனில் 1886 முதலும், யோசெமிட்டியிலும் செக்கோயாவிலும் 1891 முதலும் காவல் காத்தவர்கள் படைவீரர்கள். விலங்குகளைத் திருட்டுத்தனமாக வேட்டையாடியவர்களைப் பிடித்ததும், காட்டுத்தீயை அணைத்ததும், மேய்ச்சலுக்காகப் புகுந்த ஆட்டு மந்தைகளை விரட்டியதும் அவர்கள்தான். செக்கோயாவின் பெருமரங்களைக் காண வண்டியில் போவதற்கான சாலையை 1903 கோடையில் முடித்துக் கொடுத்தது, கேப்டன் சார்லஸ் யங் தலைமையிலான கறுப்பின வீரர்களின் குதிரைப்படை. வெஸ்ட் பாயிண்ட் படை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் தேறிய மூன்றாவது கறுப்பினத்தவர் யங். நிறவெறி தலைவிரித்தாடிய காலத்தில், அந்தப் பூங்காவின் தற்காலிகக் கண்காணிப்பாளராகவும் அவர் இருந்தார். அன்று வாயிலில் எங்கள் அட்டையைச் சரிபார்த்த ரேஞ்சரின் தலையில் இருந்த தட்டை விளிம்புத் தொப்பிகூட, அந்தக் காலத்துப் படைத் தொப்பியின் வழி வந்ததே. படைவீரர்கள் போட்ட சாலையில், அவர்கள் வழிவந்த படைவீரர்களிடமே வண்டிக் கட்டணம் வாங்குவது எனக்கு ஒப்பவில்லை.

ஆனால் விலக்கின் செலவு எங்கே போய் விழுகிறது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பூங்காவில் வசூலாகும் கட்டணத்தில் பொதுவாக 80 விழுக்காடு அந்தப் பூங்காவிலேயே தங்குகிறது. கழிவறை பழுதுபார்ப்பதும், நடைபாதையில் சரிந்த கற்களை அகற்றுவதும், உடைந்த கைப்பிடிக் கம்பிகளை மாற்றுவதும் அந்தப் பணத்திலும் நடக்கின்றன. படைமுகாம்களுக்கு அருகிலுள்ள பூங்காக்களுக்குப் படைக் குடும்பங்கள் அதிகமாக வருவது இயல்பு. இலவச அட்டைகளால் வரவு குறைவதும் அங்கேதான் அதிகம் உறைக்கும். நாடு முழுவதும் சொல்ல வேண்டிய நன்றியின் விலையை, ஏற்கெனவே பராமரிப்பு வேலைகள் தேங்கிக் கிடக்கும் சில பூங்காக்களின் தலையில் மட்டும் சுமத்துவது சரியல்ல. இலவச அட்டையுடன் நுழையும் ஒவ்வொரு வண்டியையும் வாயிலில் கணக்கெடுத்து, அதற்கான தொகையைப் பாதுகாப்பு நிதிநிலையிலிருந்தோ பொதுக் கருவூலத்திலிருந்தோ அந்தந்தப் பூங்காவுக்கு ஈடுசெய்ய வேண்டும். எண்ணுவது கடினமான வேலையன்று. அட்டையைப் பார்த்துவிட்டுத்தானே உள்ளே விடுகிறார்கள்?

அன்று மதியம் பிக் மெடோஸ் பார்வையாளர் மையத்திலிருந்து வெளியே வரும்போது, என் அண்டை வீட்டுக்காரர் சற்றுப் பின்தங்கினார். திரும்பிப் பார்த்தேன். மூன்று பத்து டாலர் தாள்களை நான்காக மடித்து, நன்கொடைப் பெட்டியின் குறுகிய வாய்க்குள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு தாள் பாதியில் சிக்கிக்கொள்ள, விரல் நுனியால் அதை அழுத்தி உள்ளே விட்ட பிறகே நகர்ந்தார். எதற்கு என்று கேட்டேன். "கழிவறை சுத்தமாக இருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு, காரை நோக்கி நடந்தார்.