சாம்பலில் உட்கார்ந்த யோபு

பைபிளில் யோபு புத்தகத்தை மறுபடி வாசிக்கிறேன். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்தவர். உடம்பெல்லாம் புண். சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுத்துண்டால் சுரண்டிக்கொள்கிறார். மூன்று நண்பர்கள் வந்து ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் கூடவே தரையில் உட்கார்கிறார்கள். போன மாதம் ஒரு துக்க வீட்டில் நான் அப்படி இருந்திருக்க வேண்டும். 'கடவுள் சித்தம்' என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் அந்த நண்பர்கள் வாயைத் திறக்கிறார்கள். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்கிறார்கள். யோபு ஒத்துக்கொள்ளவே இல்லை, கடவுளிடமே நியாயம் கேட்கிறார். 38-ஆம் அதிகாரத்தில் பெருங்காற்றிலிருந்து கடவுள் பேசுகிறார். காரணம் மட்டும் சொல்லவில்லை. ஆனால் கடைசியில் அவர் கோபப்படுவது அந்த நண்பர்கள்மேல்தான். தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபு என்கிறார், அத்தனை கேள்வி கேட்ட அந்த யோபு!