தூத்துக்குடி முதல் மணப்பாடு வரை: 105 நாளில் நான்கு திருவிழாக்கள்

அக்காளுக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் கழித்துக் குழந்தை பிறந்தபோதுதான், அம்மா எத்தனை கோயில்களில் நேர்ந்துகொண்டிருந்தார் என்பது ஒவ்வொன்றாக வெளியே வந்தது. திருச்செந்தூர் முருகனுக்குச் சஷ்டி விரதமும் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்குக் காணிக்கையும் நாங்கள் எதிர்பார்த்தவைதான். தூத்துக்குடி பனிமய மாதாவின் தேர்வடத்தைத் தொடுவதாகவும், மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோயிலின் மேட்டில் ஏறி வருவதாகவும் அவர் சொல்லியிருந்தது, பாளையங்கோட்டையில் தலைமுறைகளாகத் திருநீறு பூசும் எங்கள் வீட்டில் சிலருக்குப் புருவத்தை உயர்த்த வைத்தது. “கேட்ட எடத்துல குடுக்கணும்லா” என்பதற்கு மேல் அம்மா எதுவும் விளக்கவில்லை. இப்படித்தான் 2023 ஆகஸ்ட் 5 முதல் நவம்பர் 18 வரையிலான 105 நாட்களில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே கடற்கரைச் சாலையில், நான்கு திருவிழாக்களுக்கு அவருக்குத் துணையாகச் செல்லும் பேறு எனக்கு வாய்த்தது.

தூத்துக்குடியில் ஆடி மாத வெயில் காலையிலேயே சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்க, நாங்கள் பார்க்கச் சென்றது பனியின் பெயரால் அமைந்த ஒரு விழா என்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அதன் தொடக்கம் ரோமாபுரியில் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில், லிபேரியுஸ் திருத்தந்தையாக இருந்த காலத்தில், பிள்ளைப்பேறு இல்லாத ஒரு செல்வந்தத் தம்பதியர் தங்கள் சொத்தை மாதாவுக்குக் கொடுக்க விரும்பினார்கள் என்றும், எங்கே கோயில் எழுப்புவது என்று அவர்கள் வேண்டியபோது, ஆகஸ்ட் மாதக் கடுங்கோடையில் எஸ்குவிலின் குன்றின்மேல் மட்டும் பனி பெய்து இடத்தைக் காட்டியது என்றும் மரபுக்கதை கூறுகிறது. இன்றைக்கும் அங்குள்ள மரியன்னை பேராலயத்தில் ஆகஸ்ட் 5 அன்று விதானத்திலிருந்து வெள்ளை மலரிதழ்களைப் பனிபோல உதிர்க்கிறார்கள். கதை நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்தே அது எழுத்தில் பதிவாகியிருப்பதால் வரலாற்றாசிரியர்கள் அதை வரலாறாகக் கொள்வதில்லை. ஆனால் பிள்ளை இல்லாத தம்பதியர் என்ற செய்தியை நான் பேருந்தில் சொன்னபோது அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பி, “அப்ப நான் சரியான எடத்துலதான் கேட்டிருக்கேன்” என்றார். அதுவரை அவருக்கு அந்தக் கதை தெரியாது.

ரோமாபுரியிலிருந்து வந்தது பெயரும் தேதியும் மட்டுமே. தூத்துக்குடியில் அந்த விழா நடக்கும் முறை முழுவதும் இந்த மண்ணுடையது. 1535-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றார்கள்; 1542-இல் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். மாதாவின் சுரூபம் மணிலாவிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்ததாக மரபு உண்டு. ஆனால் ஜூலை 26-இல் கொடியேற்றி, பத்து நாள் திருவிழா நடத்தி, ஆகஸ்ட் 5-இல் பெருவிழா கொண்டாடும் ஒழுங்கை எந்தக் கப்பலும் கொண்டுவரவில்லை. ரிஷபக்கொடியும் மயிற்கொடியும் ஏறும் நாட்டில் மாதா கொடி ஏறுகிறது. கொடியேறும் நேரத்தில் துறைமுகத்திலிருந்து சங்கு ஒலிக்கும் என்றும், கொடிமரத்தடியில் பாலும் பழமும் படைத்துப் பின்னர் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுப்பார்கள் என்றும் எங்கள் அருகே நின்றிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார். கொடியேற்றம், சப்பரம், தேர், நேர்ச்சை என்று அவர் பேசிய சொற்களில் ஒன்றுகூட அம்மாவுக்குப் புதிதாக இல்லை. அங்கே யாரும் ‘சர்ச்’ என்று சொல்லிக் கேட்கவில்லை. ‘கோயில்’ என்றே சொன்னார்கள்.

நாங்கள் சென்ற ஆண்டு தங்கத்தேர் ஓடிய ஆண்டு. இந்தத் தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை. அதற்கு முன் 2013-இல், கோயில் கட்டிய 300-ஆம் ஆண்டு நிறைவில் ஓடியது. 1806-இல் முதன்முதலாக ஓடிய அந்தத் தேரைச் செய்தளித்த பரதவர் சாதித் தலைவருக்குத் ‘தேர்மாறன்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. அடுக்கடுக்காக எழும்பும் அதன் அமைப்பையும், இருபுறமும் நீண்டு கிடக்கும் வடத்தையும், தேர் அசையும் முன் கூட்டத்தில் விழும் அந்த ஒரு கண அமைதியையும் பார்த்தால், நெல்லையப்பர் தேரைப் பார்த்து வளர்ந்த என்னைப் போன்றவனுக்கு அது எதன் வழியில் வந்தது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அம்மா வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தேர் நகர்ந்த பிறகு, சக்கரம் போன தடத்தில் தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்த உப்பையும் மிளகையும் போட்டார். அவருக்கு முன்பே அங்கே வேறு சிலர் போட்ட உப்பும் மிளகும் கிடந்தன.

ஆனாலும் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் சொல்பவர்கள் இரண்டில் எதையும் அருகில் சென்று பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். “மாதா வரம் கொடுத்துட்டா” என்று அம்மா நெகிழ்ந்து சொன்னபோது அந்தப் பெரியவர் மென்மையாகத் திருத்தினார்: “அம்மா, நாங்க மாதாட்ட பரிந்து கேக்கச் சொல்லித்தான் கேப்போம். குடுக்கது அவ மகன்.” ஆராதனை இறைவனுக்கு, வணக்கம் மாதாவுக்கு என்ற இந்த வேறுபாடு கத்தோலிக்கருக்கு உயிர்நாடியானது. சொற்களை எடுத்துக்கொள்வதில் மட்டும் அவர்கள் ஒருபோதும் தயங்கியதில்லை. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூலின் தலைப்பில் இறைவனைக் குறிக்கும் சொல், சைவர்கள் சிவபெருமானுக்குச் சொல்லும் அதே தம்பிரான்தான். அந்த நூலை ஆக்கிய அன்றிக்கே அன்றிக்கசு பாதிரியாரின் உடல் தூத்துக்குடியில்தான் அடக்கம் செய்யப்பட்டது.

செப்டம்பர் 14 அன்று மணப்பாடு. திருச்செந்தூரையும் குலசேகரன்பட்டினத்தையும் தாண்டித் தெற்கே சென்றால், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணல்மேட்டின் உச்சியில் திருச்சிலுவைக் கோயில் நிற்கிறது. 1540-இல் புயலில் தப்பிய போர்ச்சுகீசிய மாலுமி ஒருவர், முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து அங்கே நட்டார் என்பது ஊர் வழக்கு. விழாவின் தேதியோ எருசலேமிலிருந்து வந்தது. கான்ஸ்டன்டைன் பேரரசரின் தாய் எலேனா கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் சிலுவையை, 335-இல் அங்கே கட்டிய பேராலயத்தின் நேர்ந்தளிப்புக்கு மறுநாள் மக்களின் வணக்கத்துக்கு உயர்த்திக் காட்டினார்கள் என்பதே இந்தத் திருநாளின் தோற்றம்.

மணப்பாட்டில் அம்மாவைக் கவர்ந்தது மேட்டின்மேல் இருந்த கோயிலைவிட, கடல்முகமாக இருக்கும் சவேரியாரின் குகை. அவருக்கு முன் அந்தக் குகையில் ஒரு சைவத் துறவி தங்கியிருந்தார் என்று சொல்கிறார்கள். உள்ளே ஒரு சிறு கிணறு இருக்கிறது. அலை வந்து மோதும் பாறைக்கு மிக அருகில் இருந்தும் அந்தத் தண்ணீரில் உப்பு இல்லை. அம்மா உள்ளங்கையில் ஏந்திக் குடித்துவிட்டு, “நாழிக்கிணறு மாதிரியே இருக்கு” என்றார். திருச்செந்தூர்க் கடற்கரையில், படைவீரர்களின் தாகம் தணிக்க முருகன் வேலால் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் அந்தக் கிணற்றையும் நம்மவர்கள் அதே வியப்போடுதான் மொண்டு குளிக்கிறார்கள். மழைநீர் தேரி மணலில் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்பதால் இந்தக் கரையில் பல இடங்களில் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. இதை நான் சொன்னபோது அம்மா கேட்டுக்கொண்டார். மீண்டும் ஒரு கை மொண்டு குடித்தார்.

குலசேகரன்பட்டினத்தைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை, ஏனென்றால் அக்டோபர் 24, தசரா இரவின் கூட்டத்தில் நான் பார்த்தது மிகக் குறைவு. அம்மை முத்துகளை ஆற்றுபவள் என்றும், முத்தாரம் பூண்டவள் என்றும் முத்தாரம்மனின் பெயருக்கு இரண்டு பொருள் சொல்கிறார்கள். முத்துக்குளித்த கரையில் இரண்டுமே பொருந்துகின்றன. கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டவர்கள் காளியாகவும், குரங்காகவும், குறவனாகவும், ராஜாவாகவும் வேடமிட்டு, ஊர் ஊராகச் சென்று காணிக்கை பெற்று, அதை அம்மன் உண்டியலில் சேர்க்கிறார்கள். காளி வேடம் போடுபவருக்கு விரதம் மிகக் கடுமையானது. பேருந்தில் எங்கள் பக்கத்து இருக்கையில் முழுக் காளி வேடத்தில் ஒருவர் அமர்ந்து, நாக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போன் செய்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நள்ளிரவில் கடற்கரையில் மகிஷாசுரன் தலை மாற்றி மாற்றி வந்து அம்மனோடு போரிடுவதைத் தொலைவிலிருந்து பார்த்தேன். அந்தத் தலைமாற்றம் திருச்செந்தூர்ச் சூரனிடமிருந்து வந்தது என்றே எனக்குத் தோன்றியது. ஒரு கோயிலின் வழக்கம் பக்கத்துக் கோயிலுக்கு நடந்து போவதற்கு மதம் மாறியிருக்க வேண்டும் என்பதில்லையே.

திருச்செந்தூரில் கந்த சஷ்டிக்குக் கொடியேற்றமோ தேரோட்டமோ கிடையாது. அவை ஆவணி, மாசித் திருவிழாக்களுக்கு உரியவை. சஷ்டி விழா யாகசாலை பூசையோடு தொடங்குகிறது. ஐப்பசி அமாவாசைக்கு மறுநாளான பிரதமை முதல் ஆறு நாட்கள் விரதம் இருக்கிறார்கள். திதியைக் கணக்கிட்டு வருவதால், அந்த ஆண்டு ஐப்பசியின் பெயரால் அறியப்படும் சூரசம்ஹாரம் கார்த்திகை 2-ஆம் தேதியில் வந்தது. பனிமய மாதாவுக்கும் திருச்சிலுவைக்கும் இந்த அலைச்சல் இல்லை. ஆங்கிலத் தேதி மாறுவதே இல்லை. ஆனால் கிறிஸ்தவர்களின் தலையாய திருநாளான உயிர்ப்புப் பெருவிழாவும் நிலவைப் பார்த்தே வருகிறது: மார்ச் 21-ஆம் தேதியிலோ அதற்குப் பின்போ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. பெரும்பாலான ஆண்டுகளில் நம் பங்குனி உத்திரத்துக்கும் அவர்களுடைய பெரிய வெள்ளிக்கும் ஒரே முழுநிலவுதான் காய்கிறது.

ஆறாம் நாளான நவம்பர் 18, சனிக்கிழமை. திருமுருகாற்றுப்படை திருச்சீரலைவாய் என்று போற்றும் அந்தக் கடற்கரையில் மணலே தெரியவில்லை. ஐந்து நாட்களாகப் பாலும் பழமுமாக இருந்த அம்மா, மெலிந்த குரலில் கந்த சஷ்டிப் பாராயணத்தை முணுமுணுத்துக்கொண்டு என் தோளைப் பற்றியபடி நின்றார். மாலையில் முருகன் ஜெயந்திநாதராகப் போருக்கு எழுந்தருளினார். யானைமுகத் தாரகாசுரன் சுவாமியைச் சுற்றி வந்து வீழ்ந்தான், பிறகு சிங்கமுகன், பிறகு தன் சொந்த முகத்தோடு சூரபத்மன். தலைகளை மாற்றுபவர்கள் மரத்தால் செய்த அந்த உருவத்தின்மேல் ஏறி நின்று தாமதமின்றி வேலை பார்த்தார்கள். வேல் பாயும் ஒவ்வொரு முறையும் எழுந்த அரோகரா முழக்கம் அலையோசையை மூழ்கடித்தது. கடைசியில் சூரன் மாமரமாகி நிற்க, வேல் அதைப் பிளக்க, அவன் மயிலும் சேவலுமாகிறான். பகைவனைக் கொன்றொழிக்காமல், தான் ஏறும் ஊர்தியாகவும் தன் கொடியாகவும் வைத்துக்கொள்ளும் இந்த முடிவு, சிறுவயதிலிருந்து எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுத்ததில்லை.

சம்ஹாரம் முடிந்தவுடன் இலட்சக்கணக்கானோர் கடலை நோக்கித் திரும்பினார்கள். அம்மாவும் இறங்கி மூன்று முறை முழுகினார். பிறகு கோயிலுக்குள் சென்று, மகாதேவர் சன்னிதியில் நடக்கும் சாயாபிஷேகத்துக்காகக் காத்து நின்றோம். போர் முடித்துக் களைத்து வந்த சுவாமியின் முன் கண்ணாடியைப் பிடித்து, அதில் விழும் அவர் பிம்பத்துக்கு நீராட்டும் சடங்கு அது. கூட்டம் எங்களை ஒரு தூணோடு சேர்த்து நெருக்கியது. உயரம் குறைந்த அம்மாவுக்கு முன்னால் நின்றவர்களின் ஈர முதுகுகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

“ஏய்யா, கண்ணாடி தெரியுதா?” என்று கேட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன். கண்ணாடியின் ஒரு விளிம்பும், அதில் நடுங்கும் விளக்கொளியும், ஒரு மாலையின் நுனியும் தெரிந்தன. அதைச் சொன்னேன். அம்மா கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். பன்னீர் இலையில் மடித்திருந்த விபூதி அவர் விரல்களுக்கு நடுவே ஈரத்தில் நனைந்துகொண்டிருந்தது.