மூன்றாம் மோட்டாரின் சூடு

10 மார்ச் 2024, ஞாயிறு

சென்ற வாரம் தென்னை மட்டையில் மோதி விழுந்த ட்ரோனை இன்று மீண்டும் பறக்கவிட்டேன். பொள்ளாச்சிக்கு வெளியே கடலை பறித்தபின் வெறுமையாகக் கிடக்கும் காடு, காலை ஏழரை மணி, காற்று இல்லை. மோதலில் ஒடிந்தது, ட்ரோனின் மோட்டார்களைத் தாங்கும் நான்கு கைகளில் பின்பக்க இடது கை ஒன்றுதான். அதே சட்டகத்துக்கு உரியது என்று சொல்லி விற்கப்பட்ட கார்பன் ஃபைபர் கை ஒன்றை வாங்கி, பழைய திருகாணிகளைக் கொண்டே வெள்ளி இரவு பூட்டியிருந்தேன்.

நான்கு நிமிடம் பறந்து இறக்கியதும், வழக்கம்போல் விரலின் பின்புறத்தால் மோட்டார்களைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று மோட்டார்கள் வெதுவெதுப்பாக இருந்தன. ட்ரோனை இயக்கும் பீட்டாஃபிளைட் மென்பொருளின் கணக்கில் மூன்றாம் எண்ணுடைய பின்பக்க இடது மோட்டாரில் மட்டும் விரலை வைக்கவே முடியவில்லை. கருகிய வார்னிஷ் வாசனையும் இலேசாக வந்தது.

நானே பூட்டிய, ஐந்து அங்குலப் புரொப்பெல்லர் கொண்ட வண்டி இது. 2306 அளவு மோட்டார்கள், அதாவது உள்ளே சுழலாமல் நிற்கும், செம்புச் சுற்றுகள் கொண்ட ஸ்டேட்டர் 23 மி.மீ. விட்டமும் 6 மி.மீ. உயரமும் கொண்டது, 2450 கேவி (சுமையின்றி ஓடும்போது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2450 சுற்று), நான்கு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி. இரண்டு ஆண்டுகளாக இதே கூட்டணியில் பறப்பதால், மோட்டாருக்குப் புரொப்பெல்லர் பெரிதாகிவிட்டதோ, மின்னழுத்தம் கூடிவிட்டதோ என்று ஐயப்பட இடமில்லை. அப்படி இருந்தால் நான்கும் சேர்ந்து சுட்டிருக்கும். முன்பக்க இரண்டோ பின்பக்க இரண்டோ சுட்டால் பேட்டரி நடுவில் அமரவில்லை என்று கொள்ளலாம்; மூலைக்கு மூலை எதிரெதிராக இரண்டு சுட்டால் ஏதோ ஒரு மோட்டார் சாய்ந்து நின்று, வண்டி தன்னைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளத் திணறுகிறது என்று கொள்ளலாம். ஒன்று மட்டும் சுட்டால் அந்த மூலையில்தான் தேட வேண்டும். இவ்வளவும் தெரிந்திருந்தும், மூலை என்பதை மோட்டார் என்று மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

12 மார்ச், செவ்வாய்

விரலை நம்புவதை விட்டு, அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கினேன். பெல் எனப்படும் சுழலும் மேற்கூட்டின் மீது நேராகக் குறிவைத்தபோது, தொட்டால் சுடுகிற மோட்டாருக்கு அது 44 டிகிரி என்று காட்டியது. பளபளக்கும் உலோகம் தன் வெப்பத்தைக் குறைவாகவே கதிர்வீசுவதாலும், சுற்றியிருப்பதன் கதிரையும் சேர்த்துப் பிரதிபலிப்பதாலும், இக்கருவி அதன்முன் ஏமாந்துவிடும். நான்கு பெல்களின் மீதும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் சிறு துண்டு ஒட்டி, அந்த டேப்பையே குறிவைத்தேன்.

வெளிவெப்பம் 33 டிகிரி. இடத்தில் நிற்க வைத்து இரண்டு நிமிடம் பறந்த பின் முதல் மோட்டார் 49, இரண்டாவது 50, மூன்றாவது 86, நான்காவது 49. மூன்றாவதைத்தான் பார்த்தேன், மற்ற மூன்றையும் பார்க்கவில்லை. இதை எழுதும்போது அந்த 49 எனக்கு இயல்பாகவே பட்டது.

86 என்பது மேற்புறத்தின் கணக்கு. உள்ளே செம்புச் சுற்றுகள் அதைவிடச் சூடாக இருக்கும். சாதாரண நியோடைமியம் காந்தங்கள் 80 டிகிரியைத் தாண்டும்போது தம் வலுவை நிரந்தரமாக இழக்கத் தொடங்கக்கூடும் என்பதால், இனி இதைப் பறக்கவிடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

16 மார்ச், சனி

மோட்டாரைக் கழற்றி மேசையில் வைத்துச் சோதித்தேன். பேரிங் மென்மையாகச் சுழல்கிறது, தண்டு வளையவில்லை. ஆனால் கையால் சுண்டிவிட்டால் மற்ற மோட்டார்களைப் போல ஓடாமல், தேனுக்குள் சுற்றுவதைப்போல் விரைவில் நின்றுவிடுகிறது. மூன்று கம்பிகளும் ஒன்றோடொன்று தொடாமல் இருக்கும்போதே இப்படி நிற்பது, உள்ளே எங்கோ சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டதன் அடையாளம். காந்தங்கள் கடந்து செல்லும்போதெல்லாம் அந்த மூடிய சுற்றில் மின்னோட்டம் பிறந்து, எந்த வேலையும் செய்யாமல் வெப்பமாக மட்டும் மாறும்.

மல்டிமீட்டரால் இதை உறுதிசெய்ய முயன்றதில் பயனில்லை. இவ்வளவு சிறிய மோட்டாரின் சுற்றுத் தடை ஓம் ஒன்றில் இருபதில் ஒரு பங்கு அளவே இருப்பதால், மீட்டரின் முனைக் கம்பிகளுடைய தடையே அதை விழுங்கிவிடுகிறது. கம்பிக்கும் மோட்டாரின் அடித்தட்டுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தேன். பீப் ஒலி வரவில்லை. தென்னையில் மோதியபோது அடிபட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கையிருப்பில் இருந்த புதிய மோட்டாரைப் பற்றவைத்துப் பூட்டினேன்.

17 மார்ச், ஞாயிறு

புதிய மோட்டாரும் சுடுகிறது. ஒன்றரை நிமிடத்தில் 71.

மோட்டாரை மாற்றியும் சூடு அந்த மூலையை விட்டு நகரவில்லை என்பதால் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றான ஈஎஸ்சி மீதே ஐயம் விழுந்தது. நான்கையும் ஒரே பலகையில் கொண்ட அதை மாற்றினால் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் போகும். வாங்கும் முன், முதல் மோட்டாரின் கம்பிகளையும் மூன்றாம் மோட்டாரின் கம்பிகளையும் பலகையில் இடம் மாற்றிப் பற்றவைத்தேன். இறுக்கிக் கட்டிய கம்பிகளை நீட்டிப் பிரித்து மறுபடி கட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. புரொப்பெல்லர் இல்லாமல் ஓடவிட்டதில், பின்பக்க இடது மோட்டார் வேறு ஈஎஸ்சியில் ஓடியும் சூடாயிற்று. அதன் பழைய ஈஎஸ்சியில் ஓடிய முதல் மோட்டார் குளிர்ச்சியாகவே இருந்தது.

ஆக ஈஎஸ்சி குற்றவாளி இல்லை. மூவாயிரம் தப்பியது. ஆனால் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு மோட்டார்கள் கெடுவானேன்?

19 மார்ச், செவ்வாய்

எங்கள் தெருமுனையில் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் அண்ணனிடம் இரண்டு மோட்டார்களையும் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளங்கையில் அடங்கும் அதை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு சொன்னார்: "மோட்டார மட்டும் கழட்டிட்டு வந்து அதையே பாத்துட்டு இருந்தா எப்படிங்க தம்பி? அது உக்காந்திருந்த எடத்தையும் கொண்டாங்க."

வீட்டுக்குப் போய் வண்டியையே எடுத்து வந்தேன். அவர் கழற்றிய மோட்டாரைக் கையில் வைத்து, திருகாணிகளைப் பழையபடி பூட்டச் சொன்னார். பூட்டியபின் மீட்டரின் ஒரு முனையைத் திருகாணியின் தலையிலும் மறுமுனையை மோட்டாரின் கம்பியிலும் வைத்தார். பீப் என்றது. திருகாணியைக் கழற்றியதும் ஒலி நின்றது. என் மேசையில் நான் செய்த சோதனை ஏன் பொய்த்தது என்பது அப்போதுதான் விளங்கியது: குற்றம் செய்ததைக் கழற்றி வைத்துவிட்டு நான் குற்றத்தைத் தேடியிருக்கிறேன்.

பழைய கைகளின் தடிமன் 5 மி.மீ. புதிய கையை வெர்னியரில் அளந்தால் 4 மி.மீ. ஒரே சட்டகத்தை இரு தடிமன்களில் விற்கிறார்கள் போலும். விற்றவரும் சொல்லவில்லை, நானும் அளக்கவில்லை. 8 மி.மீ. நீள எம்3 திருகாணி பழைய கையைக் கடந்து 3 மி.மீ. மட்டுமே மோட்டாருக்குள் ஏறும்; மெல்லிய கையில் 4 மி.மீ. ஏறுகிறது. அடித்தட்டின் தடிமன் ஏறத்தாழ 3 மி.மீ. என்பதால், மீதி முனை மேலே நீண்டு செம்புச் சுற்றுகளின் எனாமலைச் சுரண்டியிருக்கிறது. அண்ணன் பூதக்கண்ணாடியில் காட்டினார்: இரண்டு மோட்டார்களிலும் ஒரே இடத்தில், ஊசி முனை அளவில் பளிச்சென்று செம்பு தெரிந்தது. அடுத்தடுத்த சுற்றுகளை ஒரே முனை தொட்டுவிட்டால் அவற்றை அது இணைத்துவிடும். பறக்கும் அதிர்வில் மீதி எனாமலும் தேய்ந்துபோகும்.

அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். மூன்றாம் மூலைக்கு 7 மி.மீ. திருகாணிகளும் இன்னொரு மோட்டாரும் வாங்க வேண்டும்.

24 மார்ச், ஞாயிறு

புதிய மோட்டார், 7 மி.மீ. திருகாணிகள். பூட்டியவுடன் நான்கு திருகாணிகளுக்கும் கம்பிகளுக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்தேன், ஒலி இல்லை. இரண்டு நிமிடம் நிறுத்திப் பறந்தபின் நான்கும் 50 டிகிரியை ஒட்டி நின்றன. மகிழ்ச்சியில் இரண்டு பேட்டரிகளை வேகமாகப் பறந்து தீர்த்தேன். இறக்கிப் பார்த்தால் 72, 74, 73, 71.

இப்போது நான்கும் சுடுகின்றன. பங்குனி வெயில்தான் காரணம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் பிப்ரவரியில், வெளிவெப்பம் 31 இருந்தபோது, இதே வேகத்தில் பறந்து தொட்டுக்கொண்டே இருக்கும்படிதான் இருந்தன. இரண்டு மூன்று டிகிரி வெயில் இருபது டிகிரிச் சூட்டைத் தராது. 12-ஆம் தேதிக் குறிப்பில் இருக்கும் அந்த 49-உம் இப்போது உறுத்துகிறது.

30 மார்ச், சனி

வண்டியின் பிளாக்பாக்ஸ் பதிவுகளை எடுத்து, பிப்ரவரிப் பதிவையும் சென்ற வாரப் பதிவையும் அடுத்தடுத்து வைத்தேன். வண்டியின் சுழற்சியை உணரும் கைரோவின் அதிர்வெண் வரைபடத்தில், பிப்ரவரியில் 210 ஹெர்ட்ஸ் அருகே சிறு மேடு ஒன்று இருந்தது. இப்போது அது 150 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, மேடாக இல்லாமல் குன்றாக நிற்கிறது.

கணக்கும் ஒத்துப்போகிறது. பட்டையான ஒரு கையின் விறைப்பு அதன் தடிமனின் முப்படியைப் பொறுத்தது, 5 மி.மீ. 4 ஆனால் விறைப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும். நுனியில் தொங்கும் மோட்டாரின் எடை மாறவில்லை என்றால், அதிரும் வேகம் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பின்பற்றிப் பத்தில் ஏழு பங்கு அளவுக்குக் குறையும். 210-இல் பத்துக்கு ஏழு என்பது 147.

இந்த அதிர்வு மோட்டாரைச் சூடாக்கும் வழிதான் சுற்றுவழி. கை துடிப்பதைக் கைரோ, வண்டியே துடிப்பதாக எடுத்துக்கொள்கிறது. மாற்றம் எவ்வளவு விரைவாக நிகழ்கிறதோ அவ்வளவு உரக்கக் கத்துவது, வண்டியை நிலைநிறுத்தும் கணக்கின் ஒரு பகுதியான டி-டெர்மின் இயல்பு. ஆகவே அதே அளவு அசைவு உயர்ந்த அதிர்வெண்ணில் வந்தால் பல மடங்காகப் பெருகி மோட்டார்களுக்குக் கட்டளையாகப் போகிறது. நொடிக்கு நூற்றைம்பது முறை வேகத்தைக் கூட்டு, குறை, கூட்டு, குறை என்று விரட்டப்படும் மோட்டார், அதற்கான மின்னோட்டத்தைத் தூக்கும் விசையாக அல்லாமல் வெப்பமாகச் செலவிடுகிறது. கட்டளை நான்குக்கும் பிரித்துத் தரப்படுவதால், ஒரு கையின் துடிப்புக்கு நான்கு மோட்டார்களும் தண்டம் கட்டுகின்றன. ஆர்பிஎம் ஃபில்டர் என் வண்டியில் இயங்கத்தான் செய்கிறது. ஆனால் அது மோட்டாரின் சுழல்வேகத்தைத் தொடர்ந்து போய் அந்த இரைச்சலை வெட்டுவது, சட்டகத்தின் துடிப்பை வெட்டுவது அதன் வேலையன்று.

31 மார்ச், ஞாயிறு

டி அளவை 46-இலிருந்து 34-க்கு இறக்கிப் பறந்தேன். வெப்பம் 58-க்கு வந்தது. ஆனால் கூர்மையாகத் திரும்பி இறங்கும்போது, தன் காற்றிலேயே தான் விழுந்து வண்டி தள்ளாடுகிறது. மெல்லிய கையை வைத்துக்கொண்டு எண்களைக் குறைப்பது, ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரம் வைப்பதைப் போன்றது. 5 மி.மீ. கை வேண்டும் என்று தடிமனைக் கேட்டு உறுதிசெய்தபின்பே பணம் அனுப்பினேன்.

7 ஏப்ரல், ஞாயிறு

தடித்த கை, 8 மி.மீ. திருகாணிகள், டி மீண்டும் 46. வெளிவெப்பம் 36. வேகமாகப் பறந்தபின் 55, 56, 56, 54. வரைபடத்தில் குன்று மறைந்து, பழைய மேடு 210 அருகே திரும்பியிருக்கிறது.

14 ஏப்ரல், ஞாயிறு

புத்தாண்டு நாளில் காயில் அண்ணன் கடை பூட்டியிருந்தது. அவரே வீட்டுக்கு வந்து, கெட்ட மோட்டார் இரண்டையும் ஓய்வு நேரத்தில் கட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டார். கொடுக்கும் முன் காந்தங்களைச் சோதித்தோம். நல்ல மோட்டார் ஒன்றின் தண்டை டிரில்லில் பிடித்து நிமிடத்துக்கு 1200 சுற்று வேகத்தில் சுழற்றினால், இரு கம்பிகளுக்கிடையே மாறுமின்னழுத்தம் 0.35 வோல்ட் வருகிறது. அதே ஸ்டேட்டரின் மேல், முதலில் கருகிய மோட்டாரின் பெல்லை மாட்டிச் சுழற்றியபோது 0.30 வோல்ட்தான் வந்தது. காந்தம் ஏழில் ஒரு பங்கு வலுவிழந்திருக்கிறது. 2450 கேவி என்று வாங்கியது இனி 2850 கேவி போல, அதே விசைக்குக் கூடுதல் மின்னோட்டம் இழுத்து மேலும் சுடும். இரண்டாவதாகக் கெட்டதன் பெல் 0.35 காட்டியது, அதை ஒன்றரை நிமிடத்தில் நிறுத்தியிருந்தேன்.

முதல் பெல்லைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இரண்டு ஸ்டேட்டர்களையும் நல்ல பெல்லையும் காகிதத்தில் பொதிந்து அவரிடம் கொடுத்தேன். இவ்வளவு மெல்லிய கம்பியை ஸ்டேட்டரின் பல்லிடுக்கில் சுற்ற மூங்கில் சீவல்தான் சரி என்று சொல்லிக்கொண்டே போனார்.