மணவாளக்குறிச்சி மணலும் ரோமர் 5:12-ம்

ஞாயிறு ஆராதனை முடிந்து மணவாளக்குறிச்சி கடற்கரையில் நின்றோம். உலகம் உண்டானது கி.மு. 4004 என்றார் சித்தப்பா. அது வேதவசனமல்ல, அயர்லாந்துப் பேராயர் அஷர் 1650இல் வெளியிட்ட கணக்கு என்றேன். குனிந்து ஒரு பிடி மணல் அள்ளினேன். கருமணலுக்கு நடுவே தேன் நிறத்தில் மோனசைட் என்ற கனிமம். அதிலுள்ள தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் மிக மெதுவாக ஈயமாக மாறுகிறது. அந்த ஈயத்தை அளந்தால் கனிமத்தின் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள்.

சித்தப்பா அசரவில்லை. "மக்களே, அப்படியானால் ஆதாமுக்கு முன்பே சாவு இருந்ததா? ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும் உலகத்தில் வந்தது என்கிற ரோமர் 5:12ஐ என்ன செய்வாய்?"

நல்ல கேள்வி. (மணலைவிடக் கனமானது.) அந்த வசனம் மனிதருக்கு வந்த மரணத்தையே சொல்கிறது, மீன்கள் சாவதைப் பற்றி அதை எழுதிய பவுல் அங்கே பேசவில்லை என்றேன்.

"சாளை மீன் தீர்ந்துவிடும், வாருங்கள்" என்றார் சித்தி.