சாதாழைக்குள் துறவி நண்டுகள்: வடகடல் நாட்குறிப்பு

2024 பிப்ரவரி 10, சனி

தை அமாவாசைக்கு மறுநாள் என்பதால் மண்டபத்தின் வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், நன்றாக வற்றியிருந்தது. முழங்கால் நீரில் நடந்து சாதாழை எனப்படும் கடற்புல் பரப்பை அடைந்து, காலி நத்தை ஓடுகளில் குடியிருக்கும் துறவி நண்டுகளின் ஓராண்டுக் கணக்கெடுப்பின் முதல் சட்டத்தை இன்று இறக்கினேன். பி.வி.சி. குழாயில் செய்த அரை மீட்டர்ச் சதுரம் அது. அதற்குள் அகப்படும் ஒவ்வொரு துறவி நண்டின் பாலினத்தையும் அளவையும், அது குடியிருக்கும் ஓட்டின் இனத்தையும் வாயகலத்தையும் குறித்துக்கொண்டு, எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்பது திட்டம்.

இங்கே தட்டையான இலையுடைய சைமோடோசியாவும், ஊசிபோல் உருண்ட இலையுடைய சிரிங்கோடியமும் என இருவகைச் சாதாழைகள் பின்னிக் கிடக்கின்றன. நண்டுகளில் இரண்டு பேரினங்களைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடலாம்: இரு கொடுக்குகளும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் கிளிபனேரியஸ், இடக் கொடுக்கு பருத்திருந்தால் டயோஜெனிஸ். சாடிக்குள் வாழ்ந்த கிரேக்க ஞானியின் பெயரைத் தாங்கியது பின்னது, பொருத்தமான பெயர்.

2024 மார்ச் 11, திங்கள்

நண்டை வெளியே எடுக்க ஓட்டை உடைத்தால் வேலை விரைவில் முடியும். பல ஆய்வுகளில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓட்டின் சுருள் நுனியைச் சால்டரிங் அயர்னால் மெல்லச் சூடாக்கினால், சற்று நேரத்தில் நண்டு தானே வெளியே வந்துவிடுகிறது. இன்று அப்படி வந்த ஒரு பெண் நண்டை ஈரத் துணிமீது வைத்து நெடுநேரம் பார்த்தேன். தலைமார்பின் முன்பக்கக் கவசம் 4.1 மி.மீ. நீளம். அதற்குப் பின்னால் ஓட்டின் வளைவுக்கேற்பத் திருகிய மென்மையான வயிறு. அதன் இடப்பக்கத்துச் சிறு கால்களில் கொத்துக் கொத்தாக முட்டைகள். அடைகாக்கத் தொடங்கிய புதிதில் முட்டை முழுதும் மஞ்சள்கரு நிறைந்து மங்கலாக இருக்கும். இவற்றிலோ ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கருங்கண்கள் தெரிந்தன. பொரிக்கும் காலம் நெருங்கிவிட்டது. அளவெடுத்ததும் அதன் ஓட்டைப் பக்கத்தில் வைத்தேன். கொடுக்கால் வாயைத் தடவிப் பார்த்துவிட்டு, பின்புறமாக உள்ளே நழுவிப் போய்விட்டது.

முட்டை இல்லாதவற்றின் பாலை அறிய உருப்பெருக்கி வேண்டும். இனப்பெருக்கத் துளை மூன்றாம் கால் இணையின் அடியில் இருந்தால் பெண், ஐந்தாம் இணையின் அடியில் இருந்தால் ஆண். எனது குறிப்பேட்டில் பெரிய அளவு வகுப்புகள் பெரும்பாலும் ஆண்களாகவே உள்ளன. நண்டு, இறால் முதலிய ஓட்டினப் பிராணிகளில் ஆண்-பெண் விகிதம் உடல் அளவோடு மாறும் விதங்களை ஏட்ரியன் வென்னர் 1972இல் தொகுத்து எழுதினார்; ஆகவே மொத்தத்தில் இத்தனை ஆண், இத்தனை பெண் என்று ஒரே எண்ணாகச் சொல்வது போதாது. பெண் தன் ஊட்டத்தில் பெரும்பங்கை முட்டைகளுக்குச் செலவிடுகிறது; ஆண் அதை வளர்ச்சிக்குச் செலவிடுகிறது, பெரிய ஓட்டுக்கான சண்டையிலும் அதுவே பெரும்பாலும் வெல்கிறது.

2024 ஏப்ரல் 9, செவ்வாய்

ஒரு பிழையைப் பதிவு செய்தாக வேண்டும். கடந்த இரு மாதங்களும் சட்டத்துக்குள் கிடந்த வெற்று ஓடுகளை இனமறிவதற்காகக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டேன். எந்த மக்கள்தொகையை எண்ண வந்தேனோ அதன் வீடுகளையே அகற்றியிருக்கிறேன். இன்று பையோடு கொண்டுபோய்த் திருப்பிப் போட்டேன். அந்தச் சட்டங்களின் எண்ணிக்கையைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

துறவி நண்டால் ஓட்டை உண்டாக்க முடியாது. நத்தை சாக வேண்டும். செத்த நத்தையின் ஓடு நொறுங்காமலும் மண்ணில் புதையாமலும் கிடைக்க வேண்டும். மீன் கடித்து நொறுக்கிய ஓடு பயன்படாது. துளையிட்டுத் தின்னும் நத்தை விட்டுச்சென்ற ஓட்டில் சிறு துளை இருக்கும், வேறு வழியில்லாத நண்டு அதையும் ஏற்கிறது. சாதாழை இங்கேதான் துணை நிற்கிறது: இலைமேல் படரும் நுண்பாசியை மேய நத்தைகள் வருகின்றன, இலைகள் நீரோட்டத்தைத் தணிக்கின்றன, வேர்த்தண்டுகள் மணலைப் பிடித்து வைக்கின்றன. ஓடு இறுக்கமானால் நண்டின் வளர்ச்சி குன்றுகிறது, பெண் சுமக்கும் முட்டைகளும் குறைகின்றன.

ஒரு காலி ஓடு ஒரு நண்டோடு நின்றுவிடுவதுமில்லை. சமூகவியலாளர் ஐவன் சேஸ் 1980களில் நியூயார்க்கின் லாங் ஐலண்ட் கரையில் கண்டது இது: பெரிய ஓட்டுக்கு ஒரு நண்டு மாறியதும் அது விட்ட ஓட்டுக்கு இன்னொன்று, அது விட்டதற்கு மற்றொன்று என்று தொடர்ந்து குடிபெயர்கின்றன. நான் கரைக்குக் கொண்டுவந்த ஒவ்வொரு ஓட்டோடும் எத்தனை நண்டுகளின் இடமாற்றம் நின்றுபோனதோ என்ற எண்ணம் நாள் முழுதும் விடவில்லை.

2024 ஜூன் 7, வெள்ளி

மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. நாட்டுப்படகுகளின் நண்டு வலைகள் மட்டும் வருகின்றன. நீலக்கால் நண்டைக் கழற்றிய பின் வலையில் சிக்கிய முள்சங்கு, ஊரி முதலிய நத்தை ஓடுகளை அக்கா ஒருவர் மணலில் வீசிக்கொண்டிருந்தார். சிலவற்றிலிருந்து கால்கள் எட்டிப் பார்த்தன.

“இதைத் திரும்பக் கடலில் போட்டுவிடலாமா அக்கா?” என்று கேட்டேன்.

“போட்டா மறுபடி வலையிலதான் வந்து சுத்தும் தம்பி. சுத்துனா வலையைக் கிழிச்சுத்தான் எடுக்கணும், கிழிஞ்சதை யாரு கட்டுறது?” என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. வலைதான் அவருடைய பிழைப்பு. ஆயினும் வெயிலில் காயும் அந்தக் குவியலில் நண்டும் சாகிறது, வீடும் கடலுக்குத் திரும்புவதில்லை. நல்ல ஓடுகள் இராமேசுவரத்து அலங்காரப் பொருள் கடைகளுக்குப் போய்விடும். வலை விரிக்காத ஆழம் குறைந்த இடத்தைக் காட்டி, அங்கே கொண்டுபோய் விடுகிறேன் என்றதும் ஒரு கூடை கொடுத்தார்.

2024 ஆகஸ்ட் 5, திங்கள்

வடகடல் அமைதி. புதிதாகச் சொல்ல ஏதுமில்லை.

2024 நவம்பர் 2, சனி

வாடை தொடங்கிவிட்டது. கலங்கல் நீரில் தடவித் தடவித்தான் எண்ண முடிந்தது. கரையில் பிடுங்குண்ட சாதாழை கணுக்கால் உயரத்துக்கு ஒதுங்கியிருக்கிறது. அதைக் கையால் விலக்கியபோது அரிசிமணி அளவுள்ள ஓடு ஒன்று நகர்ந்தது; உருப்பெருக்கியில் பார்த்தால் உள்ளே முழுமையான துறவி நண்டு. முட்டையிலிருந்து வெளிவந்து, வாரக்கணக்கில் மிதவை உயிராக அலைந்து, பல முறை தோலுரித்து, சில காலம் முன்புதான் தன் முதல் ஓட்டைத் தேடிக்கொண்ட குஞ்சு அது. அளவுகோலில் அதன் கவசத்தை வைக்க இயலவில்லை. “இளம் உயிரி, பால் அறியப்படவில்லை” என்று எழுதிக்கொண்டு, அலைக்கு அப்பால் வேரோடு நிற்கும் சாதாழைக்குள் கொண்டுபோய் விட்டேன்.